திரைக்குள் நான் நின்ற நேரம்

கார்வர்ஸ் ஃபெரி, பென்சில்வேனியா
6 நவம்பர் 1980

அன்பான மிலானுக்கு, இர்மா எழுதுவது.

இங்கே நாங்கள் நலம். வேலைக்குப் போன இடத்தில், ஹூஸ்டனில், நீயும் நலமென்றே நம்புகிறேன். ஞாயிறு தவறாமல் பேசியவன் மூன்று வாரமாகப் பேசவில்லை. நம் மகள் ஸோரா டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்து பாடம் படிக்கிறாள். "அப்பாவுக்கு வேலை ஜாஸ்தியா இருக்கும்மா" என்று எனக்கே சமாதானம் சொல்கிறாள். பதினொரு வயதுக்கு இந்தப் பேச்சு.

தேர்தல் முடிவு உனக்குத் தெரிந்திருக்கும். நம் மாநிலமும் குடியரசுக் கட்சிக்குப் போய்விட்டது. வழக்கம்போல நான்தான் ஜனநாயகக் கட்சிக்காக நம் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். பதினான்கு வருடமாகக் காபி கொடுத்தவர்கள் இந்த முறை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார்கள். இப்போது மூடிக் கிடக்கும் எஃகு ஆலையில் உன்னோடு வேலை பார்த்த ஸ்டீவ் ஹ்ருஷ்கா மட்டும் உள்ளே கூப்பிட்டார். "நாலு வருஷத்துக்கு முன்னால வேலை இல்லைன்னு அந்தக் கட்சிக்காரரை அனுப்பினோம். இப்ப விலைவாசியும் ஏறிப்போச்சு, வேலையும் போச்சு, நம்ம கட்சி ஆளை அனுப்பற முறை. நல்லவரா கெட்டவரான்னா கேக்கறோம்? உலை எரியுதான்னுதான் கேக்கறோம்" என்றார்.

இனிமேல் எழுதுவதைப் படித்துக் கோபித்துக்கொள்ளாதே. நம் வாக்குச்சாவடி இயந்திரத்தில் கட்சியின் பெரிய கைப்பிடியை இழுத்தால் போதும், எல்லாப் பதவிக்கும் ஓட்டு விழுந்துவிடும். ஒரே சத்தம், வெளியே வந்துவிடலாம். நானும் அதைத்தான் இழுத்தேன். அப்புறம் ஜனாதிபதி பதவிக்கான நம் ஆளின் சின்னக் கைப்பிடியை மட்டும் மேலே தள்ளிவிட்டு, எதிர்க்கட்சிக்காரருடையதைக் கீழே இழுத்தேன். பழக்கமில்லாததால் இரண்டு தடவை தப்பானது. டக் டக்கென்ற சத்தம் வரிசை முழுக்கக் கேட்டது. சாவடிப் பொறுப்பாளர் வில்மா, "என்ன இர்மா, மெஷின் மக்கர் பண்ணுதா?" என்று கேட்டாள். திரையை விலக்கி வந்தபோது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நம் ஊரில் திரைக்குள் நேரமானால், கட்சி மாறி ஓட்டுப் போட்டாள் என்ற ஒரே அர்த்தம்தானே.

உனக்காகத்தான் செய்தேன். "ஆள் மாறினா உலையைத் திறப்பாங்க, அன்னிக்கே வண்டி ஏறிடுவேன்" என்று செப்டம்பரில் நீதான் சொன்னாய். அதை நான் பிடித்துக்கொண்டேன்.

நேற்றுக் காலை ஆலை வாசலுக்கு நடந்தே போனேன். ஒரே நாளில் என்ன மாறிவிடும், எனக்குத்தான் பைத்தியம். இரண்டு லாரிகள் வெளியே வந்தன. தகடு உருட்டும் உருளைகளைக் கழற்றி ஏற்றியிருந்தார்கள். காவலாளியிடம் கேட்டேன். "ஆகஸ்டுலயே விலை பேசி முடிச்சாச்சும்மா. யாரு ஜெயிச்சிருந்தாலும் லாரி வந்திருக்கும்" என்றான். திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன்.

ஆக, உலை எரியப் போவதில்லை. இந்த ஜனாதிபதி காலத்திலும் இல்லை, அடுத்தவர் காலத்திலும் இல்லை. உன்னை இங்கே கொண்டுவர என்னிடம் வேறு காரணம் எதுவும் இல்லை, எனக்கு நீ வேண்டும் என்பதைத் தவிர. காலையில் உன் இருமல் சத்தம் கேட்காமல் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை.

ஸோராவுக்கு ஜனவரியில் பள்ளி மாற்றலாம் என்கிறார்கள். அங்கே எங்களுக்கு இடம் இருக்கிறது என்றால் ஒரு வரி எழுது. இல்லை என்றாலும் நீயே எழுது, வேறு யார் வாயிலாகவும் எனக்குத் தெரிய வேண்டாம்.

மாதா உன் கைகால்களைக் காப்பாற்றட்டும்.

எப்போதும் உன்,
இர்மா