அம்மா சொல்லியிருந்தாள்

அம்மாடி,

போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உன் அம்மாவுக்கு மூளைச்சாவு, இனி திரும்ப மாட்டாள் என்றார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "உறுப்பு தானம் பத்தி எப்பவாவது பேசியிருக்காங்களா?"

"இல்லைங்க" என்றேன்.

பேசியிருந்தாள். போன மாதம் என் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தவள், "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா எல்லாத்தையும் குடுத்துடுங்க" என்றாள்.

"வாயைக் கழுவு" என்று எரிந்து விழுந்தேன்.

"சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

அந்த 'இல்லைங்க' என் வாயிலிருந்துதான் வந்ததா? இன்னும் நம்ப முடியவில்லை. அவள் உடம்பில் கத்தி படக்கூடாது என்பது மட்டும்தான் அப்போது மனசில் இருந்தது. யோசிக்கக்கூட இல்லை, அம்மாடி.

நேற்று ஊருக்குக் கிளம்பும்போது நீ, "அம்மா சொல்லியிருந்தா குடுத்திருக்கலாம்ப்பா" என்று அழுதாய். அதற்கும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

திட்டு. எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. ஆனால் ஒருநாள் என்னைப் பற்றி உன்னிடம் அதே கேள்வியைக் கேட்பார்கள். "அப்பா குடுக்கச் சொல்லிட்டார்" என்று சொல்லி, இந்தக் கடிதத்தைக் காட்டு.

உன் அப்பா