நீர்க்குதிரை மடு

அன்பு டெலியா,

உன் இருமல் விட்டதா? நான் நலமாக இருக்கிறேன்.

கறுப்பாற்றின் மடுக்களுக்கெல்லாம் எங்கள் மீன்பிடி விடுதியின் புது மேலாளர் கிரிம்ஷா எண் பலகை நட்டுவிட்டார். நீர்க்குதிரை மடு இப்போது ஏழாம் எண். மீன்பிடிக்க வரும் விருந்தாளிகள் பழைய பெயரைக் கேட்டுப் பயந்துவிடக் கூடாதாம். கதையில் வருகிற, ஆளைத் தண்ணீருக்குள் இழுக்கும் குதிரை இருக்கிறதோ இல்லையோ, அங்கே காலடியில் பாறை சட்டென்று முடிந்து ஆழமாகிவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை டப்ளின் பல் மருத்துவர் ஒருவர் அதில் இறங்கிவிட்டார். நான் குதித்து அவர் காலரைப் பிடித்து இழுத்தேன். எனக்குக் கழுத்தளவுதான் தண்ணீர், கவலைப்படாதே.

"முன்னாடியே சொல்லக்கூடாதாய்யா?" என்றார்.

"பேரு சொல்லிட்டுத்தான் இருந்துச்சு சார். அதைப் பிடுங்கிட்டாங்க."

அன்றே பலகையில் எண்ணை அழித்துப் பழைய பெயரைப் பெயிண்டால் எழுதினேன்.

"சனிக்கிழமைக்குள்ள அழிச்சிடு ஃபெஸ்டி, இல்லேன்னா வேலை கிடையாது" என்றார் கிரிம்ஷா.

"நான் அழிக்கமாட்டேன் ஐயா. நீங்க அழிச்சா மறுபடி எழுதுவேன்."

என் கம்பளிக் காலுறைகள் ஆற்றோடு போய்விட்டன. நீயே பின்னி ஒரு ஜோடி அனுப்பு, இந்த முகவரிக்கே. கூட இரண்டு வரியும் எழுது, இங்கே மாலைகள் நீளம்.

இன்று வெள்ளிக்கிழமை. மழையில் பலகை எழுத்து கொஞ்சம் மங்கியிருக்கிறது. தபால்காரர் வந்துவிட்டார். இதை அவரிடம் கொடுத்துவிட்டு இன்னொரு பூச்சு பூசப் போகிறேன்.

உன் ஃபெஸ்டி