விடுபடாத எழுத்து

கப்பலில் இருக்கும் என்னவருக்கு,

இது என் கையெழுத்துத்தான். சிறு வயதில் சாதி சொல்லி என்னைப் பள்ளிக்கூட வாசலோடு திருப்பி அனுப்பியது உங்களுக்குத் தெரியும். போன விஜயதசமிக்கு நம் மகள் என் விரலைப் பிடித்து, அரிசியில் ஏடு தொடக்கி வைத்தாள்.

"அப்பாவின்ரை பேரை வாயாலை சொல்லத்தானே மாட்டியள், எழுதலாமம்மா," என்று அதையும் பழக்கினாள். ஒவ்வொரு தரமும் ஓர் எழுத்தை விட்டுவிடுவேன். சிரிப்பாள்.

ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அவளுடைய பள்ளிக்கூடத்தில் செல் குண்டு விழுந்தது. ஆஸ்பத்திரியில் மரணப் பதிவு எழுதியவர் தகப்பன் பெயரைக் கேட்டார். பேனையை வாங்கி, அவள் பெயருக்குக் கீழே உங்கள் பெயரை எழுதினேன்.

ஓர் எழுத்தும் விடுபடவில்லை.

உங்கள் மனைவி