சிவப்பு அட்டையை அறுத்த கை

ஹேசல் ஃபோர்க், மேற்கு வர்ஜீனியா
செப்டம்பர் 12

என் செல்லத் தம்பி கர்ட்டிஸுக்கு,

அக்கா வெர்னா எழுதுகிறேன். என் முதுகுவலியைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீ சார்ல்ஸ்டனில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை காபியிலேயே காலம் தள்ளுகிறாயா? இந்த வீட்டு வாசல்படி ஏறி நாலு வருஷம் ஆகிறது. மூன்று மணி நேரப் பயணம்தான். கேட்டால் வேலை என்பாய்.

உன் அத்தான் டெல்பர்ட்டுக்கு இப்போது பாதி ஷிஃப்ட்தான். சுரங்கத்தில் மூன்றாம் பகுதியில் வாயு சேர்கிறதாம். அரசாங்க இன்ஸ்பெக்டர் நோரா பிக்கெட் வந்து பார்த்துவிட்டு வாயிலில் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டுப் போய்விட்டாள். தொங்கவிட்டவர் திரும்ப வந்து தன் கையால் எடுக்கும்வரை ஒருத்தரும் உள்ளே போகக் கூடாது. சட்டம் அப்படி. வாயுவை வெளியே தள்ளும் விசிறியைக் கம்பெனி சரிசெய்தால் அவள் நாளைக்கே வந்து எடுத்துவிடுவாள். மேனேஜர் ஸ்ட்ரோப் விசிறிக்குச் செலவு செய்வதாகத் தெரியவில்லை.

அதற்குள் உன் ஆள், தேர்தலில் நிற்கிற ஹாலிஸ் ப்ராண்ட், ரேடியோவில் பேசினார். "சுரங்கத்துல தொங்குற ஒவ்வொரு அட்டையும் உங்க பிள்ளைங்க தட்டுல தொங்குது" என்றாரே, அது நீ எழுதியதுதான் என்று முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பெட்ரோல் பங்கில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். டெல்பர்ட், "உன் தம்பி வாயத் தொறந்தா நெருப்பால்ல கொட்டுது" என்று பூரித்துப்போனார்.

எனக்கும் பெருமைதான். ஆனால் மறுநாள் காலையில் நோராவின் கார் டயர் நாலையும் யாரோ குத்திக் கிழித்திருந்தார்கள். அவள் கடைக்கு வந்தால் யாரும் முகம் கொடுப்பதில்லை. கொஞ்சம் காரத்தைக் குறைத்து எழுதேன் தம்பி. செனட்டுக்குப் போகப்போகிறவர் கொஞ்சம் நிதானமாகப் பேசினால்தான் என்ன?

உன் அக்கா,
வெர்னா


சார்ல்ஸ்டன்
செப்டம்பர் 21

அக்கா,

உன் திட்டு வந்து சேர்ந்தது. காரம் குறைந்தால் ஓட்டும் குறையும். டயரை நானா குத்தினேன்? ஜனங்களுக்குக் கோபம் இருக்கிறது. நான் அதற்கு வார்த்தை மட்டும்தான் கொடுக்கிறேன்.

அக்டோபர் 4 அன்று இங்கே பெரிய கூட்டம். டிவியில் தவறாமல் பார். அத்தானை வைத்து ஓர் ஆச்சரியம் வைத்திருக்கிறேன். சுரங்க ஆபீஸ் போனில் அவரிடம் பேசியிருக்கிறேன். அவரைத் தொணதொணக்காதே, சொல்ல மாட்டார்.

பெப்பரோனி இறைச்சி வைத்த ரொட்டி சுட்டால் அத்தானிடம் ஒரு டஜன் கொடுத்தனுப்பு. இந்த ஊரில் கிடைப்பது வாயில் வைக்கும்படி இல்லை.

கர்ட்டிஸ்


ஹேசல் ஃபோர்க்
அக்டோபர் 8

தம்பி,

டிவியில் பார்த்தேன். கல்யாணத்துக்குக்கூடக் கழுத்துப்பட்டி கட்டாத உன் அத்தான் அதைக் கட்டிக்கொண்டு, மேடையில் ப்ராண்ட் பக்கத்தில் நின்று நிஜமான சிவப்பு அட்டையைத் தூக்கிப் பிடிக்கிறார். "அறுத்தெறி, அறுத்தெறி" என்று அத்தனை ஜனமும் கத்துகிறது. அதே மாதிரி அட்டை அச்சடித்து ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தீர்கள். தொப்பியில் செருகிக்கொண்டு இப்போது ஊரே திரிகிறது.

"என்ன மனுஷா, மூணாம் பகுதி அட்டையவா பிச்சிட்டு வந்துட்டீங்க?" என்று கேட்டேன். "எல்லாம் பேசித்தான் செஞ்சது, நீ சும்மா இரு" என்றார். ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து அதை மாட்டினார். "சாப்பாட்டுத் தட்டுல தொங்குனது இங்கயே தொங்கட்டும்" என்றார். நானும் சிரித்தேன்.

நோரா வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் இடத்துக்கு யாரும் வரவில்லை. மூன்றாம் பகுதியைத் திறந்துவிட்டார்கள். முழு ஷிஃப்ட் கிடைத்தது என்று எல்லாருக்கும் சந்தோஷம். விசிறி சரியாயிற்றா என்று டெல்பர்ட்டிடம் கேட்டேன். ஆயிற்றாம் என்றார். யார் சொன்னது என்றேன். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

வெர்னா


ஹேசல் ஃபோர்க்
நவம்பர் 10

கர்ட்டிஸ்,

நீ கல்லறைத் தோட்டத்தோடு திரும்பிவிட்டாய். வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. தேர்தலுக்கு ஆறு நாள்தான் இருந்தது, வேலை இருந்திருக்கும்.

உனக்குத் தெரியாததை எழுதுகிறேன். விபத்து நடந்த அன்றைக்கு ஐந்து பேர் மூன்றாம் பகுதிக்குள் போனார்கள். வாயு வெடித்தபோது நாலு பேர் தீக்காயத்தோடு வெளியே வந்தார்கள். டெல்பர்ட்டைக் கொண்டுவர இரண்டு நாள் ஆயிற்று. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று பாதிரியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பாட்டுத் தூக்கை மட்டும் என்னிடம் கொடுத்தார்கள்.

வாரம் முழுக்க ஊர்க்காரர்கள் பாத்திரம் பாத்திரமாகக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒருத்தர்கூட என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. தொப்பியில் இருந்த அட்டையை எல்லாரும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

போன செவ்வாய்க்கிழமை உன் ஆள் ஜெயித்தார். வெற்றிப் பேச்சில் "டெல்பர்ட் ரைஸ் என்ற மாவீரன்" என்றார். வெள்ளிக்கிழமை கம்பெனி அறிக்கை வந்தது. ஒரு தொழிலாளி எச்சரிக்கை அட்டையைத் தன்னிச்சையாக அகற்றியதே விபத்துக்குக் காரணம் என்று போட்டிருக்கிறது. ஒரே வாரத்தில் என் புருஷன் மாவீரனாகவும் குற்றவாளியாகவும் ஆகிவிட்டார். தீக்காயத்தோடு கிடக்கிற நாலு பேரின் பெண்டாட்டிகளும் இனி அவர் பேரைச் சொல்லித்தான் காறித் துப்புவார்கள்.

ஜனவரியில் நீதிமன்றக் கட்டடத்தில் விசாரணை வைத்திருக்கிறார்கள். அதில் அவர் பேர் என்னவென்று எழுதப்படும் என்பதுதான் எனக்கு மிச்சம் இருக்கிற ஒரே கவலை.

வெர்னா


சார்ல்ஸ்டன்
நவம்பர் 19

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அத்தான் எனக்கு அண்ணன் மாதிரி. நான் வீட்டுக்கு வராதது தப்புதான். உன் முகத்தைப் பார்க்கத் தெம்பு இல்லை.

ஒன்று சொல்கிறேன், கேள். பத்திரிகைக்காரர்களிடம் வாய் திறக்காதே. விசாரணையில் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று மட்டும் சொல். அறிக்கை எல்லாம் வக்கீல்களின் சடங்கு, நாலு மாதத்தில் ஜனம் மறந்துவிடும். ஸ்ட்ரோப் உன்னைக் கைவிட மாட்டார், அதற்கு நான் பொறுப்பு.

போன், மெயில் எல்லாவற்றையும் தோண்டுவார்கள் என்று வக்கீல் சொல்கிறார். அதனால்தான் கையால் எழுதுகிறேன். படித்ததும் அம்மாவின் சமையலறை அடுப்பில் போட்டுவிடு.

உன் கர்ட்டிஸ்


ஹேசல் ஃபோர்க்
நவம்பர் 30

தம்பி,

அடுப்பைப் பற்றி நீ கவலைப்படாதே. நான் யாரிடம் போய் என்ன பேசப்போகிறேன்? எனக்கென்று இருப்பது நீ ஒருத்தன்தான்.

எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். டெல்பர்ட் எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியும். எங்கள் மெத்தையின் ஓரத்தில் "இதை அகற்றாதீர்" என்று தைத்த துணியைக்கூடப் பதினோரு வருஷமாக விட்டுவைத்திருந்தார். "கால்ல குத்துது, பிச்சிப் போடுங்களேன்" என்றால், "எழுதியிருக்குல்ல வெர்னா" என்பார். அப்படிப்பட்டவர் வாயு இருக்கிற இடத்தில் இருந்து அட்டையைத் தானாகப் பிய்த்திருப்பாரா? பிய்த்திருந்தால் எனக்கு அவர்மேல்தான் ஆத்திரம். தினம் அவரைத் திட்டிக்கொண்டே காபி போடுகிறேன். யாராவது சொல்லிச் செய்தார் என்றால் அவரை மன்னித்துவிடுவேன். செத்தவரோடு சண்டை போட்டுக்கொண்டு என்னால் வாழ முடியவில்லை.

இன்னொன்று. கம்பெனி அறிக்கையின் கடைசி வரி, "ஒரு கை செய்த பிழைக்கு ஓர் ஊரே விலை கொடுத்தது" என்பது. அம்மா அடக்கத்தின்போது நீ பேசினாய், "ஒரு கை சமைத்ததை ஓர் ஊரே உண்டது" என்று. எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான்தானே அன்றைக்கு உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கோபமாக எழுதவில்லை. கிறிஸ்துமஸுக்கு வருகிறாயா? பீன்ஸும் சோள ரொட்டியும் செய்து வைக்கிறேன்.

அக்கா


சார்ல்ஸ்டன்
டிசம்பர் 9

அக்கா,

உன்னிடம் மறைக்க என்னால் முடியாது. சின்ன வயசில் நான் ஜன்னலை உடைத்தபோதும் நீதான் அடி வாங்கினாய்.

அத்தான் தானாகச் செய்யவில்லை. அவரை மன்னித்துவிடு. செப்டம்பரில் ஓட்டல் சாப்பாட்டு மேஜையில் ப்ராண்ட், ஸ்ட்ரோப், நான் மூன்று பேரும் இருந்தோம். அச்சடித்த அட்டையைவிட நிஜ அட்டை மேடைக்கு வந்தால் கூட்டம் கொதிக்கும் என்று நான்தான் சொன்னேன். ஸ்ட்ரோப் உடனே பிடித்துக்கொண்டார். "அட்டை கீழ வரணும், ஆனா எங்க கையால வரக் கூடாது. தொழிலாளி கையால வரட்டும்" என்றார். ப்ராண்ட் சிரித்துக்கொண்டே கறியை வெட்டினார்.

ஸ்ட்ரோப் அறையில் அத்தானை உட்காரவைத்துப் போனைக் கையில் கொடுத்தார்கள், மறுமுனையில் நான். அத்தான் இரண்டு தடவை மறுத்தார். "அந்த இன்ஸ்பெக்டர் பொண்ணு எடுக்கட்டும், அது அவ வேலை" என்றார். முப்பது குடும்பத்துக்கு முழு ஷிஃப்ட் கிடைக்கும், நீங்கள் மறுத்தால் அந்தப் பழி உங்கள்மேல்தான் என்று சொன்னேன். விசிறி சரியாகிவிட்டது என்றும் சொன்னேன். ஸ்ட்ரோப் அப்படித்தான் என்னிடம் சொன்னார். அவர் சொல்லும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை. நானும் திருப்பிக் கேட்கவில்லை. விசிறியை யாரும் தொடவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அறிக்கையும் நான் எழுதியதுதான். ப்ராண்ட் கேட்டுக்கொண்டார். இல்லையென்றால் வேறு யாராவது இதைவிட மோசமாக எழுதியிருப்பார்கள்.

ப்ராண்ட் எனக்கு அவருடைய ஆபீசில் பெரிய பதவி தருகிறார். அது கிடைத்ததும் உன்னை ராணி மாதிரி வைத்துக்கொள்வேன். தயவுசெய்து இதை உடனே அடுப்பில் போடு. சாம்பலையும் கிளறிவிடு. கிறிஸ்துமஸுக்கு வர முயல்கிறேன்.

உன் பாவி தம்பி,
கர்ட்டிஸ்


ஹேசல் ஃபோர்க்
ஜனவரி 23

கர்ட்டிஸ் ஹோல்ட் அவர்களுக்கு,

கிறிஸ்துமஸுக்கு நீ வரவில்லை. பீன்ஸை நோரா பிக்கெட்டும் நானும் சாப்பிட்டோம். டெல்பர்ட் போன மறுவாரமே அவள் வந்தாள். வாசலில் நின்றுகொண்டு, "நான் ஊரை விட்டுப் போயிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சிடுங்க" என்றாள். டயரைக் குத்தியவர்கள் யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. குத்தும்படி தூண்டிவிட்டவனும் கேட்கவில்லை. அட்டையைத் தொங்கவிட்டவள் வந்து கேட்டாள். உன் கையாலேயே உண்மையை எழுதவைப்பது என்று அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். அதற்குப் பிறகு உனக்கு எழுதிய ஒவ்வொரு வரியையும் யோசித்துத்தான் எழுதினேன். நீ மட்டுந்தான் வார்த்தை தெரிந்தவன் என்று நினைத்தாயா?

அம்மாவின் அடுப்பில் போடு, அடுப்பில் போடு என்று எழுதினாயே. அந்த அடுப்பைக் கழற்றி டெல்பர்ட் இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். இப்போது மின்சார அடுப்பு. ஒரு தடவை உள்ளே வந்து காபி குடித்திருந்தால் தெரிந்திருக்கும். உன் கடிதங்கள் மாவு டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தன.

செவ்வாய்க்கிழமை விசாரணையில் அவற்றைப் படித்தேன். வக்கீல் படிக்கட்டும் என்றார்கள், நான் விடவில்லை. உன் எழுத்தை நீ எங்கே நிறுத்துவாய், எங்கே குரலை ஏற்றுவாய் என்று எனக்குத்தான் தெரியும். "தொழிலாளி கையால வரட்டும்" என்ற இடத்தில் நிறுத்தி ஸ்ட்ரோப்பைப் பார்த்தேன். அவர் தண்ணீர் கேட்டார். யாரும் எழுந்து கொடுக்கவில்லை. தீக்காயம் பட்ட நாலு பேரும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். டெல்பர்ட் இரண்டு தடவை மறுத்தார் என்று படித்தபோது அதில் ஒருவன் தேம்பித் தேம்பி அழுதான்.

மறுநாள் உன் ஆள் டிவியில் பேசினார். "கர்ட்டிஸ் ஹோல்ட்டா, கூலிக்கு எழுதுகிற எத்தனையோ பேரில் ஒருத்தன், அவன் தன்னிச்சையாகச் செய்தது எனக்குத் தெரியாது" என்றார். தன்னிச்சையாக. அறிக்கையில் நீ எழுதிய வார்த்தையை உன்மேலேயே போட்டுவிட்டார். அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அட்டை ஃபிரிட்ஜில் ஏறிய நாளுக்குப் பிறகு இப்போதுதான் சிரிக்கிறேன். நான் அன்றைக்குச் சிரித்ததற்கு ஒவ்வொரு தடவை பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதும் தண்டனை அனுபவிக்கிறேன். அதில் உனக்குப் பங்கு தர மாட்டேன். உன்னுடையது உனக்குத் தனியாக வரும். சம்மன் இந்நேரம் கிடைத்திருக்கும்.

டெல்பர்ட் குற்றவாளி இல்லை என்று எழுதப்போகிறார்கள். மாவீரன் என்றும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கட்டாயப்படுத்தப்பட்டவர் என்று எழுதினால் போதும்.

என்னை ராணி மாதிரி வைத்துக்கொள்வதாகச் சொன்னாய். அந்த வரியையும் சபையில் படித்தேன்.

இத்துடன் ஒரு சிவப்பு அட்டை வைத்திருக்கிறேன். நிஜமானது விசாரணைக்காரர்களிடம் இருக்கிறது. இது நீ அச்சடித்துக் கொடுத்தது, டெல்பர்ட்டின் கோட்டுப் பையில் கிடைத்தது. இதை உன் வாசல் கதவில் தொங்கவிட்டதாக வைத்துக்கொள். சட்டம் உனக்குத் தெரியும், தொங்கவிட்டவர் வந்து தன் கையால்தான் எடுக்க வேண்டும். நான் வர மாட்டேன்.

டெல்பர்ட் ரைஸின் மனைவி,
வெர்னா