கித்தேரி அக்கா சீட்டைக் கவிழ்ப்பதில்லை

டிசம்பர் 2, திங்கள்

மேனேஜர் குருநாதன் சார் இன்று கறாராகச் சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு ஒரே ஒருவருக்குத்தான் லீவு, மூன்று நாள். இந்த கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்ப்பதே மூன்று பேர்: ரிசப்ஷனில் நான், சமையலுக்குக் கித்தேரியம்மாள் அக்கா, டிரைவர் ஆக்னல். மூவருமே வேதக்காரர்கள். "நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க அருள்பிரகாஷ்" என்று மேனேஜர் நழுவிவிட்டார்.

எனக்குத்தான் வேண்டும். மகனுக்கு ஏழு மாதம், முதல் கிறிஸ்துமஸ். மனைவி ஆக்ஸிலியா பிள்ளையோடு பழனி பக்கம் பாலசமுத்திரத்தில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். போகாவிட்டால் என்னை உப்புக்கண்டம் போட்டுவிடுவாள்.

டிசம்பர் 3

போக்கர் ஆடித் தீர்ப்பதாக முடிவு. போன மாதம் தங்கிய பெங்களூர்ப் பையன்கள் சொல்லிக்கொடுத்து, சீட்டுக்கட்டையும் விட்டுப் போயிருந்தார்கள். ஆளுக்கு ஐந்து சீட்டு. பந்தயம் பட்டர் பீன்ஸ், தலைக்கு நூறு. தினம் மதியம் மூன்று மணி, விருந்தினர்கள் ஊர் சுற்றப் போன பிறகு, அடுப்படியில். இருபதாம் தேதி யாரிடம் அதிகமோ அவருக்கு லீவு.

டிசம்பர் 5

யூடியூபில் நான்கு வீடியோ பார்த்தேன். கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் பெரிதாகப் பந்தயம் வைத்தால் எதிராளி பயந்து, போட்டதை விட்டுவிட்டுச் சீட்டைக் கவிழ்ப்பானாம். ப்ளஃப். இவர்கள் என்னிடம் தப்புவார்களா?

டிசம்பர் 6

அக்கா தான் ஜெயித்த பீன்ஸை எல்லாம் கூட்டு வைத்துவிட்டார். மேனேஜர் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இனி காய்ந்த மொச்சைதான். ஆட்டம் மறுபடி முதலிலிருந்து.

டிசம்பர் 11

நாசமாய்ப் போச்சு. கையில் குப்பை. முகத்தை இறுக்கிக்கொண்டு நாற்பது மொச்சையைத் தள்ளினேன். ஆக்னல் கவிழ்த்துவிட்டான். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே நாற்பதை எண்ணி வைத்தார். அவரிடம் இருந்தது வெறும் மூன்றாம் நம்பர் ஜோடி ஒன்று. அதுவே என்னை அடித்துவிட்டது!

"எப்பிடிக்கா துணிஞ்சீங்க?"

"துணிச்சலு என்னலே துணிச்சலு? போட்டத விட்டுட்டு எந்திரிக்கவா? என்னதான் வச்சிருக்கன்னு பாக்கணும்ல."

எந்த வீடியோவிலும் இப்படி ஓர் ஆள் வரவில்லையே?

டிசம்பர் 15, ஞாயிறு

ப்ளஃப் பொய்க்கணக்கில் சேருமா? பாவசங்கீர்த்தனத்தில் கேட்டேன். ஃபாதர், "யாருகிட்ட, கித்தேரியக்காகிட்டயா? அது விடாதேப்பா" என்றார்.

டிசம்பர் 17

புத்தி வந்துவிட்டது. பயப்படுகிறவனிடம்தான் ப்ளஃப் செல்லும். அக்காவுக்குப் பயமே கிடையாது. ஆகவே மோசமான கை என்றால் ஆரம்பத்திலேயே கவிழ்த்துவிட வேண்டும். நல்ல கை என்றால் கூசாமல் பெரிதாக வைக்க வேண்டும். அவர் எப்படியும் பின்னாலேயே வருவார். இன்று மட்டும் அறுபது மொச்சை திரும்ப வந்தது. ஆக்னல் காலி. பெண் வீட்டாருக்கு போன் போடுங்கள், மாப்பிள்ளை வருகிறார்!

டிசம்பர் 19

ஆக்னல் ஏன் இதைச் சொன்னான்? அக்காவின் மகள் பிரின்ஸி கன்னியாஸ்திரியாகி ஜார்க்கண்ட் போய் ஆறு வருஷம். முதல் தடவையாக ஊருக்கு வருகிறாளாம். இருபத்தி நாலு வத்தலக்குண்டில் வீடு சேர்ந்து, இருபத்தி ஆறு ரயில் ஏறிவிடுவாள். அவ்வளவுதான்.

"ஏன்டா அக்கா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ விட்டுக்குடுப்பியாம். பாவம் பாத்து யாரும் குடுக்க வேணாமாம், செயிச்சுத்தான் போவாங்களாம். நீ கேட்டதா காட்டிக்கிறாத."

எனக்கும் பிள்ளை இருக்கிறது. எனக்கும் ஆசை இருக்காதா? கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

டிசம்பர் 20

கடைசிக் கை. என்னிடம் 152, அக்காவிடம் 148. ஆளுக்கு ஐந்து வைத்துச் சீட்டுப் போட்டோம். எடுத்துப் பார்த்தேன். மூன்று ராஜா, இரண்டு பத்து! இந்த மாதம் முழுக்க இப்படி ஒரு கை எனக்கு வந்ததில்லை. அக்கா பத்து மொச்சை வைத்தார். அவர் அதை இரண்டு முறை எண்ணி வைத்ததை முதல் தடவையாகப் பார்த்தேன்.

நான் மொத்தத்தையும் தள்ளினால் வெங்காயம் நறுக்கிக்கொண்டே வருவார். தெரியும்.

"ஒண்ணும் இல்லக்கா" என்று சீட்டைக் கவிழ்த்து வைத்தேன். ரிசப்ஷனில் போன் அடித்தது. நல்லவேளை. ஓடிவிட்டேன்.

அக்கா 153, நான் 147.

டிசம்பர் 21

ஆக்ஸிலியா: "ஒரு கிழவிகிட்ட சீட்டாடி செயிக்கத் துப்பில்ல. ஒங்களுக்கு ஒரு பிள்ள வேற." போனை வைத்துவிட்டாள். அக்காவுக்கு நாற்பத்தெட்டுதான் ஆகிறது என்று சொல்லக்கூட விடவில்லை.

டிசம்பர் 25

நான் வைத்த குருமா அடிப்பிடித்தது. விருந்தினர்கள் பிரெட் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பிள்ளைக்குச் சிவப்புத் தொப்பி போட்டு போட்டோ அனுப்பியிருக்கிறாள். ஸ்டோர் ரூமில் நின்று கொஞ்சம் அழுதேன்.

டிசம்பர் 27

வெள்ளனே முதல் பஸ்ஸில் அக்கா வந்துவிட்டார். முறுக்கு கொடுத்தார். மகள் இளைத்துவிட்டாளாம், ஆனால் சிரிப்பு மாறவில்லையாம். பிறகு கருகிய சட்டியைத் தேய்க்க உட்கார்ந்தார். சும்மா இருக்க முடியாமல், "அடுத்த வருசம் நாந்தாங்க்கா. இந்தத் தடவ எனக்குச் சீட்டே விழல" என்றேன்.

அவர் திரும்பவே இல்லை. "மூணு ராஜாவ வச்சிக்கிட்டு சீட்டு விழலங்கான் பாரு. சார்ட்ட சொல்லிட்டேன், ஒஞ்சோலிய நான் பாத்துக்கிருதேன். வெரசா கெளம்புலே, பழனி பஸ்ஸு போயிரும்."