படத்தில் செத்துப்போன அம்மா

அன்புள்ள ப்ரென்னாவுக்கு அம்மா எழுதுவது. நான் உயிரோடும் ஓரளவு சௌக்கியமாகவும் இருக்கிறேன் என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லிவிடுகிறேன், ஏன் சொல்கிறேன் என்பது படித்துக்கொண்டே போனால் தெரியும். அப்பாவும் நன்றாக இருக்கிறார், முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. உனக்கு அங்கே மெல்போர்னில் வெயில் கொளுத்த ஆரம்பித்திருக்கும், தொப்பி இல்லாமல் அலையாதே, உனக்கு என் தோல், பத்து நிமிஷத்தில் சிவந்து உரிந்துவிடும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இருபத்தேழு வருஷம் தபால் ஆபீஸில் ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தியவள் நான், எழுதினால்தான் எனக்கு வார்த்தை நேராக வருகிறது. வேறு காரணமும் இருக்கிறது, அது உனக்கே தெரியும்.

உன் அப்பாவுக்குக் கிறிஸ்துமஸ் படங்கள் தொடங்கிவிட்டன. ஹாலோவீனுக்கு வாங்கிய மிட்டாயே இன்னும் தீரவில்லை, அதற்குள் அந்தச் சேனல்காரன் மணியை ஆட்ட ஆரம்பித்துவிட்டான். ஒரு நாளைக்கு மூன்று படம், மூன்றும் ஒரே படம். பட்டணத்தில் பெரிய வேலையில் இருக்கும் ஒருத்தி, காதில் போன், காலில் உயரச் செருப்பு. ஏதோ சாக்கில் சொந்த ஊருக்கு வருகிறாள். அங்கே கட்டம் போட்ட சட்டையில் ஒருவன் கிறிஸ்துமஸ் மரம் வெட்டிக்கொண்டிருக்கிறான். பத்தாம் நிமிஷம் அவன்மேல் கோகோவைக் கொட்ட வேண்டும், நாற்பதாம் நிமிஷம் பிஸ்கட்டுக்கு மாவு பிசைந்து மூக்கில் ஒட்டிக்கொள்ள வேண்டும், அப்புறம் ஒரு சின்னச் சண்டை, கடைசி இரண்டு நிமிஷத்தில் முத்தம், முத்தம் கொடுத்த அந்த நொடியே பனி கொட்டும். அந்த ஊர்களில் யாரும் வாசல் பனியை வாரிப் பார்த்ததில்லை, படிக்கட்டில் உறைபனி கரைய உப்புப் போட்டுப் பார்த்ததில்லை, ஒருவர் காரும் காலையில் கிளம்ப மறுப்பதில்லை, ஒரு குழந்தைக்கும் மூக்கு ஒழுகுவதில்லை. மரம் விற்பவனுக்கு டிசம்பரில் மூச்சு விட நேரம் இருக்குமா, இவன் எப்படி நாள் முழுக்கப் பனிச்சறுக்கு ஆடுகிறான் என்று கேட்டேன், அப்பா உஷ் என்றார்.

முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டிய மனுஷன், பனிப்புயலில் நாற்பது பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்த்தவர், இப்போது மடியில் காகித நாப்கின் டப்பாவை வைத்துக்கொண்டு மூக்கைச் சிந்துகிறார். முடிவு தெரிந்த கதைக்கு எதற்கு அழுகை என்று ஒருநாள் பிடித்துக்கொண்டேன். அவர் டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "வெர்லா, காலையில எந்திரிச்சா ராத்திரி வரைக்கும் என்ன நடக்கப்போகுதுன்னு தெரியாமத்தான் கிடக்கோம். ரெண்டு மணி நேரமாவது தெரிஞ்சுட்டுப் போகட்டுமே" என்றார். அன்றைக்கு அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் திறந்தேன், அது வேறு விஷயம்.

நீ கவனித்திருக்கிறாயோ இல்லையோ, எல்லாப் படத்திலும் அம்மாவைக் கொன்றுவிடுகிறார்கள். அப்பா இருப்பார், வெள்ளைத் தாடியோடு தனியாக ஒரு விடுதி நடத்திக்கொண்டு, பாவமாக. அம்மா மட்டும் போய்ச் சேர்ந்திருப்பாள். இருந்தால் கதை நடக்காது. கோகோ கொட்டிய சட்டையைக் கழற்று, கறை பிடிப்பதற்குள் ஊறவைக்கிறேன் என்பாள், தம்பி உனக்கு என்ன வருமானம் என்பாள், பத்தாம் நிமிஷத்திலேயே படம் முடிந்துவிடும். செத்த அம்மாக்கள் ரொம்பத் தங்கமானவர்கள். ஒரு கேக் செய்முறை, ஒரு கண்ணாடி நட்சத்திரம், ஒரு அழகான கடிதம் விட்டுவிட்டுப் போவார்கள், பெண் அதைப் பிரித்துப் படித்து ஊரோடு இருந்துவிடுவாள். உயிரோடு இருக்கிறவள்தான் வாயைக் கொடுத்து எல்லாவற்றையும் கெடுத்துவைக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஜூலையில் நம் வீட்டில் அப்படி ஒரு படம் எடுத்தார்கள் என்று அப்பா உன்னிடம் சொல்லியிருப்பார். முழுக்கச் சொல்லியிருக்க மாட்டார். முப்பத்து நான்கு டிகிரி வெயில், கொசு பிடுங்குகிறது, நம் புல்வெளி மேல் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் சோப்பு நுரை மாதிரி எதையோ பீய்ச்சினார்கள், அதுதான் பனி. என் பியோனிச் செடி அத்தனையும் அதற்குக் கீழே வெந்து செத்தது. உன் அப்பாவுக்குத் தெருவில் நடந்துபோகிற வேஷம். கம்பளிக் கோட்டு, மஃப்ளர், கையில் காலிப் பரிசுப் பெட்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பதினோரு தடவை நடந்தார். வியர்வை வழியும்போதெல்லாம் ஒரு பெண் ஓடிவந்து ஒற்றிவிட்டுப் போனாள். கோகோக் கோப்பைகள் எல்லாம் காலி, காலிக் கோப்பையை ஊதி ஊதிக் குடித்தார்கள். ஊரே நாற்காலி போட்டுக்கொண்டு எதிர்வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. திருவிழாவே நின்றுவிடப்போகும் ஏழை ஊர் என்று படத்தில் நம் ஊரைக் காட்டினார்கள், அதற்கும் கைதட்டினோம்.

வீட்டுக்குள் எடுக்கவேண்டிய அன்று காலையில் அலங்காரம் செய்கிற பெண் வந்தாள். கணப்புக்கு மேலே வைக்கச் செத்துப்போன அம்மாவின் படம் வேண்டும், கொண்டுவந்த படம் வெளிச்சத்தில் பளபளக்கிறது, உங்கள் பழைய போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். அப்பா குஷியாக ஆல்பத்தை எடுத்து வந்துவிட்டார். ஏரிக்கரையில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் தெரியுமே, நீ என் இடுப்பில் உட்கார்ந்திருப்பாய், ஒரு வயசு. அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. உன்னை மட்டும் ஒதுக்கி என்னைத் தனியாக நகல் எடுத்து ஃப்ரேம் போட்டு, இரண்டு பக்கமும் மெழுகுவத்தி ஏற்றிவைத்தாள். நானும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தன் சாவைத் தானே நின்று பார்க்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்.

இந்த மாதம் முதல் சனிக்கிழமை அது டிவியில் வந்தது. கடைசியில் ஓடுகிற பெயர்களில் வெர்லா குடும்பத்துக்கு நன்றி என்று ஒரு வரி. செவ்வாய்க்கிழமை மதியம் வாசல் மணி அடித்தது, போய்த் திறந்தால் ஆல்மா க்ரீர் நிற்கிறாள், முன்பு நம் சர்ச்சில் பியானோ வாசித்தாளே, வெளியூரில் மகனோடு இருக்கப் போனவள், அவள்தான். கறுப்புக் கோட்டு, கையில் மூடிபோட்ட கண்ணாடிப் பாத்திரம். துக்க வீட்டுக்குக் கொண்டுபோகிற அதே டூனா மீன் நூடுல்ஸ், பாத்திரத்துக்கு அடியில் திருப்பிக் கொடுக்கிறவர்களுக்காக அவள் பேரை எழுதி ஒட்டிய டேப் வரைக்கும் சரியாக இருந்தது. படம் பார்த்திருக்கிறாள், நம் கணப்பு, என் முகம், மெழுகுவத்தி, கடைசியில் நன்றி. நான் போய்விட்டேன், நினைவாகப் போட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள். ஒருவரிடம் கேட்போம் என்று தோன்றவில்லை பார், முதலில் அடுப்பை மூட்டிவிட்டாள். நம் ஊர்க்காரர்களுக்கு அழத் தெரியாது, சமைக்கத்தான் தெரியும். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போய், "நான்... மெர்வினுக்குன்னு கொண்டாந்தேன்" என்றாள், உன் அப்பாவுக்காம். மெர்வினே சாப்பிடட்டும், எனக்கு எதற்கு, நான் செத்தவள் என்று சொல்லி உள்ளே கூப்பிட்டேன். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. போகும்போது அவள், பாவம், நல்ல எண்ணத்தில்தான் கேட்டாள், ப்ரென்னா இந்தத் தடவை வருகிறாளா என்று. வேலை அதிகம் என்று சொன்னேன். மூன்று வருஷமாக எல்லாரிடமும் அதைத்தான் சொல்கிறேன்.

ஜூலையில் நடந்த ஒன்றை உன் அப்பா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார், சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். அந்தக் கதாநாயகிப் பெண் என் படத்துக்கு முன்னால் நின்று பேசவேண்டிய காட்சி. உன்னைவிடச் சின்னவள், கண்ணீர் வருவதற்குக் கண்ணுக்குக் கீழே தைலம் மாதிரி எதையோ தடவிக்கொண்டாள். நான் சமையலறை வாசலில் ஒயர்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன், மூச்சுச் சத்தம்கூட வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். முதல் ஐந்து தடவை எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. ஆறாவது தடவை அவள் வசனத்தை மறந்துவிட்டாளோ என்னவோ, என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் ரொம்ப மெதுவாக, "அம்மா, நான் வீட்டுக்கு வந்துட்டேன்" என்றாள். நான் "வா" என்றேன். வாய்விட்டு, நன்றாகக் கேட்கும்படி. எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டைரக்டர் பையன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "மேடம், படத்துல நீங்க செத்துட்டீங்க. பதில் சொல்லக் கூடாது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அப்புறம் பின்பக்கம் போய் அந்த நுரைப் பனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அப்பா கோட்டும் மஃப்ளருமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

ப்ரென்னா, அன்றைக்கு நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம், நீ விட்டு வந்திருந்த கேல்வின் ஆறு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்து நம் வாசலில் நின்றானே, தோளில் பனியும் கையில் பூவுமாக, நீ என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ கூப்பிட்டியா?" என்று கேட்டாய். இல்லை, அவனாகவே வந்திருக்கிறான், உன்மேல் உயிரை வைத்திருக்கிறான் என்றேன். பொய். நான்தான் கூப்பிட்டேன். இரண்டு தடவை கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றவனை வற்புறுத்தினேன், பூ வாங்கிக்கொண்டு வா என்று சொன்னதும் நான்தான், ஏழு மணிக்கு மேல் வா, விளக்கு எல்லாம் எரியும் என்றும் சொன்னேன். அடிக்கவில்லை, குடிக்கவில்லை, ஆனால் இரண்டு வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாதவன் என்று நீ என்னிடம் சொல்லியிருந்தாய். இதெல்லாம் ஒரு காரணமா என்று நினைத்தேன். வாசல், பனி, பூ, இவ்வளவு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். உன் அப்பா அந்த மாதிரிப் படத்தைப் பார்க்கத்தான் செய்கிறார், நான் அதை எடுக்கவே போனேன், உன்னைக் கேட்காமல் உன்னைக் கதாநாயகியாக நிறுத்தி. அதுவும் போதாமல், நீ கோட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக் கதவு வழியாகப் போகும்போது எல்லார் முன்னாலும், ஒரு புருஷனோடு குப்பை கொட்டத் துப்பில்லாதவள் என்று சொன்னேன். சொன்ன வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம் நீ ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்கிறாய், அப்பாவிடம் பேசுகிறாய், அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்கிறாய். நான் அப்போதெல்லாம் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பேன், மடிக்க ஒன்றும் இல்லாவிட்டாலும். எனக்கு உன்மேல் கோபம் என்று அப்பா நினைக்கிறார், நீயும் அப்படித்தான் நினைப்பாய். கோபம் இல்லை, வெட்கம். கேல்வினை விட்டு வந்தது சரி என்று எனக்கு இப்போது தெரிகிறது, நீ தனியாக அவ்வளவு தூரம் போய் ஒரு வாழ்க்கையை உண்டாக்கிக்கொண்டது எனக்குப் பெருமை. தப்பு என்னுடையது, உன் பக்கத்தில் ஒரு துளியும் இல்லை.

நீ வந்தால் வாசலில் யாரும் நிற்க மாட்டார்கள், நான் சத்தியம் செய்து தருகிறேன். பனி வருமா என்று தெரியாது, போன வருஷம் கிறிஸ்துமஸ் அன்று மழை பெய்து தெருவெல்லாம் சேறு. அப்பாவின் படங்களை நீயும் பார்க்க வேண்டியிருக்கும், அதை மட்டும் என்னால் தடுக்க முடியாது. இந்த வருஷம் விடுமுறை கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் வா, கோடையில் வா, எப்போது வந்தாலும் சரி, வராமல் இருந்தாலும் உன்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

நேரத்துக்குச் சாப்பிடு, தனியாக இருக்கிறோம் என்று ரொட்டியோடு நிறுத்திக்கொள்ளாதே. உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும், எடுத்த காரியம் எல்லாம் உனக்குக் கைகூட வேண்டும், கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். இந்தக் கடிதம் வந்து சேரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும், தபால்காரிக்குக் கணக்குத் தெரியாதா. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை நான்தான் எடுப்பேன். எனக்குச் சட்டென்று பேச்சு வராது, கொஞ்ச நேரம் சத்தமே கேட்காது. வைத்துவிடாதே.

உன் அம்மா,
வெர்லா