ஈறு நிறத்தில் இரண்டு ஷாஃப்ட்

7 ஜூலை 2009, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது. பல் கட்டுகிற லேபில் மெழுகு எல்லாம் கொழகொழ. முழு பல்செட் மூன்று, பாதி செட் ஒன்று. ஒரு பல் டாக்டர் மறுபடி வாய் அச்சைக் கோணலாக எடுத்து அனுப்பியிருக்கிறார். சொன்னால் கோபம் வேறு வருகிறது. வரட்டும்.

வீட்டுக்கு வந்தால் தம்பி கூடத்தில் தரையில் உட்கார்ந்து அந்தக் குட்டி வண்டியைப் பிரித்துப் போட்டிருக்கிறான். பாறை ஏறுகிற ரிமோட் கார். அவன் சிநேகிதன் முரளி துபாயிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது. ஏறும்போது மல்லாந்து விழுகிறதாம். அதனால் சைக்கிள் ஸ்போக்கை வெட்டி நீளக் கம்பிகளாக்கி, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டியிருக்கிறார்கள். வண்டி நீண்டுவிட்டது. நடுவில் இருக்கும் கியர் பெட்டியிலிருந்து சக்கர அச்சுக்குப் போகிற ஷாஃப்ட் மட்டும் எட்டவில்லை. குழாய்க்குள் தண்டு நுழைந்து சுற்றுகிற சமாச்சாரம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் அந்தரத்தில்.

நீளமாகச் செய்து தருவாயாக்கா என்றான். ஜீவா என்னிடம் ஒன்று கேட்டு எத்தனை நாளாயிற்று. பைக்கில் போனவனை ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி தட்டியதிலிருந்து அவனுக்கு எதுவுமே வேண்டாம். சாதம் போதும், காபி வேண்டாம், யாரும் வர வேண்டாம்.

வலது கை மடங்கும், நிமிராது. மணிக்கட்டு தொங்குகிறது. அறுந்த நரம்பை ஒட்டிய ஆபரேஷன் பலிக்கவில்லை. நன்றாக இழுக்கிற தசைநார் ஒன்றை மாற்றி விரல்களோடு கட்டிவிடலாம் என்கிறார் ஆஸ்பத்திரி டாக்டர். வரும் திங்கள் முடிவு சொல்ல வேண்டும், இன்னும் தள்ளினால் கை இறுகிவிடுமாம். இவன் மாட்டவே மாட்டேன் என்கிறான். "ஒருவாட்டி கிழிச்சாச்சு, போதும்க்கா." அம்மா அழுதாச்சு, ஜெபம் பண்ணியாச்சு. நான் கத்தியாச்சு. ஒன்றும் நகரவில்லை.

சரி, ஷாஃப்டையாவது பார்ப்போம்.

வாங்க: கொசுவர்த்தி, அம்மாவுக்கு சுகர் மாத்திரை, ரேடியோ ரிப்பேர் கடையில் பழைய ஏரியல்.

8 ஜூலை, புதன்

ஏரியல் கிடைத்தது, ஓசியில். மதியம் சாப்பிடாமல் லேபிலேயே வேலை. தண்டை நடுவில் அறுத்து, இரண்டு துண்டையும் ஏரியல் குழாய்க்குள் விட்டு, குறுக்கே கம்பி குத்தி, மேலே பல்செட் பவுடரும் லிக்விடும் குழைத்துப் பூசினேன். இருந்தது ஈறு நிறப் பவுடர்தான். ரோஸ் கலரில் இரண்டு ஷாஃப்ட். பாலிஷ் வேறு போட்டேன், பாலிஷ் போடாமல் எதையும் கையைவிட்டு அனுப்ப எனக்கு வராது. முதலாளி எட்டிப் பார்த்து, யாரம்மா அந்த நீளப் பல்லுக்காரர் என்றார்.

ஜீவா பார்த்ததும் சிரித்துவிட்டான். "இன்னாக்கா, வண்டிக்கு ஈறு கட்டி எட்த்துனு வந்துகீற?" எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷம் ராத்திரி சாப்பாடு வரைகூட இல்லை. பின்பக்கம் செங்கல் அடுக்கி ஏற்றிப் பார்த்தான். ஒரு சக்கரம் இடுக்கில் இறங்கியது, தண்டு குழாயிலிருந்து உருவிக்கொண்டது. மறுபடி மாட்டினால் மறுபடி உருவல்.

வண்டியை மேசைமேல் சமமாக நிறுத்தி அளவெடுத்தேன், அதுதான் கோளாறு. லேபுக்கு வருகிற வாய் எல்லாம் மூடியே வரும், கடித்த நிலையில்தான் எங்களுக்கு அளவு. அந்தப் பழக்கத்தில் இதையும் மூடின வாயாகவே அளந்துவிட்டேன். பள்ளத்தில் சக்கரம் தொங்கினால் இடைவெளி கூடும் என்று உறைக்கவே இல்லை. அனுபவமாம் அனுபவம், மண்ணாங்கட்டி.

ஜீவா "பரவால்லக்கா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனான். ஆபரேஷனுக்கு அப்புறம் விரல் தூக்கவில்லை என்று தெரிந்த அன்றும் டாக்டரிடம் இதையேதான் சொன்னான். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

9 ஜூலை, வியாழன்

தாம்பரம் பாலத்தில் பஸ் நகரவே இல்லை. லேட். திட்டு.

கோபத்தில் இன்னொரு ஜோடி செய்தேன். இந்தத் தடவை தாராளமாக நீளம் விட்டேன். உருவட்டும் பார்ப்போம் என்று.

உருவவில்லை. செங்கல்மேல் சக்கரம் ஏறி அச்சு மேலே வந்ததும், தண்டு போக இடமில்லாமல் குழாயின் அடியில் முட்டி நின்றது. மோட்டார் உறுமியது. குறுக்குக் கம்பி துண்டாகிவிட்டது. நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன், அம்மா உள்ளேயிருந்து "ஸ்டெல்லா" என்று அதட்டினாள்.

ஜீவா இன்று பரவாயில்லைகூட சொல்லவில்லை. உடைந்ததையும் நேற்று உருவினதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

10 ஜூலை, வெள்ளி

வீட்டுக்குள் நுழையும்போதே ஜீவா செருப்பைக்கூட கழற்ற விடவில்லை. பால்பாயிண்ட் பேனா கொடுக்கா என்றான். பகல் முழுக்க இதே யோசனை போல.

இடது கையால் வண்டியைத் தூக்கிப் பிடித்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டான். கியர் பெட்டியிலிருந்து அச்சு வரைக்கும் அளந்து ஒரு கோடு போடச் சொன்னான். பிறகு கீழே வைத்து, தொங்குகிற அந்த வலது கையை மேலே போட்டு, முழங்கை வரை சாய்த்து, முழுக்க அமுக்கினான். இன்னொரு கோடு. முதல் கோட்டில் தண்டு பாதியாவது குழாய்க்குள் இருக்க வேண்டும், இரண்டாவது கோட்டில் அடியில் முட்டக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். "ரெண்டு நெலமையும் பாக்காம ஒரு நெலமைல மட்டும் அளந்தா எப்டிக்கா?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்தக் கேள்வி எனக்கு இனித்தது.

அந்தக் கையை அவன் ஒரு வேலைக்கு எடுத்து இன்றுதான் பார்க்கிறேன். சாப்பிடும்போதுகூட மடியில் துண்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பான்.

11 ஜூலை, சனி

முதலில் மெழுகில் செய்து மாட்டிப் பார்த்தேன், பல் கட்டுகிற மாதிரியே. அப்புறம்தான் பவுடர். சரியாக உட்கார்ந்தது. தொங்கினால் உருவவில்லை, அமுக்கினால் முட்டவில்லை.

சங்கரா மீன் குழம்பு. நாளை ஆராதனைக்கு வரவில்லை என்று அம்மாவிடம் யார் சொல்வது?

12 ஜூலை, ஞாயிறு

நான்தான் சொன்னேன். கோயிலை விட்டுவிட்டுக் கல்லுடைத்த இடத்துக்குப் போகிற பிள்ளைகளைப் பெற்றேனே என்று அம்மா ஒரு பாட்டம். பிறகு அவளே லெமன் சாதம் கட்டிக் கொடுத்தாள்.

முரளியின் வேனில் போனோம். பல்லாவரம் தாண்டிப் பழைய கல்குவாரி. இதே மாதிரி வண்டிகளோடு முரளியின் சிநேகிதர்கள். எல்லோரும் ஜீவாவின் கையைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது.

ரிமோட் துப்பாக்கி மாதிரி. இடது கையில் பிடித்து இடது விரலாலேயே ஓட்டலாம். ஆனால் திருப்புவதற்குப் பக்கவாட்டில் குட்டிச் சக்கரம், அது வலது கைக்கு. ஜீவா மடங்கின விரல்களை அதில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டான்.

முதல் பாறை, நடுவில் வெடிப்பு. முன் சக்கரம் உள்ளே இறங்கித் தொங்கியது. ரோஸ் ஷாஃப்ட் நீண்டது, நீண்டது, உருவவில்லை. ஏறிவிட்டது. நான் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினேன். அதென்ன பிங்க் கலர் என்று ஒருத்தன் கேட்க, அக்கா கட்டின பல்லு என்றான் முரளி.

உச்சியில் வலது பக்கம் திரும்பி உடனே இடது பக்கம் ஒடிக்க வேண்டும். வலது திரும்பியது. இடது திருப்ப விரலை விட வேண்டும். விரல் விரியவில்லை. வண்டி வலது பக்கமே போய் விளிம்பிலிருந்து விழுந்தது.

ஓடிப்போய் எடுத்தேன். ஷாஃப்டில் ஒரு கீறல்கூட இல்லை. திரும்பிப் பார்த்தால் முரளி ஜீவாவின் விரல்களைச் சக்கரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டிருக்கிறான். பரவாயில்லைடா என்று சொல்ல வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

திரும்பும்போது வேனில், குரோம்பேட்டை சிக்னலில் ஜீவா சொன்னான்: "வண்டி மேல தப்பு இல்லக்கா."

வீட்டில் அம்மா கேட்டதற்கு, நல்லா ஏறிச்சும்மா என்று மட்டும் சொன்னான்.

13 ஜூலை, திங்கள்

லேபுக்கு லீவு. லேசான தூறல். ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம், பக்கத்து நாற்காலி அம்மாள் தன் முழங்கால் கதை முழுவதையும் சொன்னாள். ஜீவா கேட்டுக்கொண்டே இருந்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரத்தான் போகிறான், இன்று கத்தக் கூடாது என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் இவன் கேட்டான்.

"சார், அந்த நாரை மாத்திக் கட்றப்போ, கைய நிமித்தி வச்சு அளவு பாப்பீங்களா, மடக்கி வச்சா?"

இரண்டும் பார்ப்பேன் என்றார் டாக்டர். இழுத்துக் கட்டினால் விரல் மடங்காது, தளர்த்திக் கட்டினால் நிமிராது. ஆபரேஷன் மேசையிலேயே மணிக்கட்டை மடக்கியும் தூக்கியும் பார்த்துவிட்டுத்தான் கடைசித் தையல் போடுவாராம். அப்படியும் சரியாக வரும் என்று சத்தியம் பண்ண முடியாது, பயிற்சிக்கு மாதக்கணக்கில் வர வேண்டும் என்றும் சொன்னார்.

"அளவு தப்பாப் போச்சுன்னா?"

"அவுத்து மறுபடி கட்டணும்."

ஜீவா துண்டை எடுத்துவிட்டு வலது கையைத் தூக்கி அவர் மேசைமேல் வைத்தான்.

"அப்டின்னா கட்டுங்க சார்."

எனக்கு அழுகை வந்துவிட்டது, டாக்டர் எதிரிலேயே. கர்சீப் வேறு எடுத்துப் போகவில்லை. வியாழக்கிழமை வந்து படுக்கச் சொன்னார்.